பழ ஈயின் தூக்கத்தை அளக்க பெங்களூரு வருகிறீர்களா? ஆறு மாத புராஜெக்ட்டுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விலங்கியல், உயிரித்தொழில்நுட்பம், உயிர்வேதியியல் என்று முதுகலை படிப்பவர்களில் பலர் கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்குப் பெங்களூரு வருகிறார்கள். அவர்களில் மூளை, விலங்கு நடத்தை, தூக்கம் என்ற பக்கம் மனசு போனவர்களுக்காக இந்தக் கட்டுரை.

ஆறு மாதம் என்று தாளில் இருக்கும். அடையாள அட்டை, பயிற்சி, ஈ வளர்ப்பு, கடைசியில் ஆய்வேடு எழுதும் நாட்கள் எல்லாம் போக, சோதனைக்கென்று கையில் நிற்பது மூன்று மாதம் சொச்சம்தான். அந்த மூன்று மாதத்தையும் விழுங்குபவை எல்லாம் சின்ன விஷயங்கள்: தேதி தவறாகப் போட்ட கடிதம், உள்ளே நீர் கோத்த குழாய், செத்த ஈயையும் தூங்கும் ஈயாகச் சேர்த்த கணக்கு. முன்கூட்டியே தெரிந்தால் எல்லாவற்றையும் தவிர்க்கலாம்.

1. முதலில் உயிரினத்தை முடிவு செய்யுங்கள்

எலி, மீன், ஈ எதிலும் தூக்கத்தைப் படிக்கலாம். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் விலங்குதான் உங்கள் காகித வேலையையும் காலண்டரையும் தீர்மானிக்கும்.

சுண்டெலியில் தூக்கம் அளக்க மண்டையோட்டில் மின்முனை பொருத்த வேண்டும், மூளை அலையையும் தசை மின்னசைவையும் பதிய வேண்டும். அறுவைக்குப் பின் விலங்கு தேற ஒரு வாரமாவது ஆகும். அதற்கெல்லாம் முன்னால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு ‘படிவம் பி’ போக வேண்டும். இந்தியாவில் முதுகெலும்புள்ள விலங்குகள் மீதான சோதனைகளை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் 1998இல் வந்த விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. குழு மாதாமாதம் கூடுவதில்லை. எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வலியைக் குறைக்க என்ன ஏற்பாடு என்று கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். ஆறு மாதக்காரர் புதிதாக எலி புராஜெக்ட் தொடங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது. எலிதான் வேண்டுமென்றால், ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற திட்டம் நடக்கும் ஆய்வகத்தைப் பாருங்கள். அந்த ஒப்புதலில் உங்கள் பெயரைச் சேர்க்கும் திருத்தம் முடியும் வரை விலங்கைத் தொடக்கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

வரிக்குதிரை மீனின் குஞ்சுகள் நல்ல நடுவழி. கருவுற்று ஐந்து முதல் ஏழு நாள் ஆன குஞ்சு ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் அதைத் தூக்கமாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் மீனும் முதுகெலும்புள்ளதே; எந்த வயதிலிருந்து குழு ஒப்புதல் வேண்டும் என்று அந்த நிறுவனத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காட்டு விலங்கு, பறவை, தவளை என்று வெளியில் போனால் வனத்துறை அனுமதி தனி. மனிதத் தூக்கம் என்றால் மனித ஆய்வுக்கான நெறிமுறைக் குழு.

பழ ஈக்கு விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தேவையில்லை. 25 டிகிரியில் முட்டையிலிருந்து முதிர் ஈ வர ஏறக்குறைய பத்து நாள். ஈக்களைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் இட்டு, அகச்சிவப்புக் கதிரால் அசைவை எண்ணும் கருவிதான் மானிட்டர்; ஒன்றில் 32 ஈக்களை ஒரே நேரத்தில் அளக்கலாம். தூக்கம் கெட்டால் மறுநாள் ஈடுகட்டித் தூங்குவது, தூக்கத்தில் தட்டினால் சட்டென்று எழாதது எல்லாம் ஈயிலும் உண்டு. ஷேக்கர், ஃபூமின் என்ற மரபணு மாற்றங்கள் தூக்கத்தைக் கடுமையாகக் குறைக்கும் என்பது 2005இலேயே ஈயில் காட்டப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஈதான் சரி. இனி வருவதெல்லாம் ஈயை வைத்தே.

2. ஆய்வகத்துக்கு எழுதுவது

பெங்களூரில் பார்க்க வேண்டிய இடங்கள்: ஜி.கே.வி.கே. எனும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆய்வு மையம்), ஜக்கூரில் ஜே.என்.சி.ஏ.எஸ்.ஆர். (ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம்), இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையம், மனிதத் தூக்கத்துக்கு நிம்ஹான்ஸ் எனும் மனநல, நரம்பியல் நிறுவனம். ஈயின் உடல் கடிகாரம், தூக்கம் இரண்டிலும் ஜே.என்.சி.ஏ.எஸ்.ஆருக்கு நீண்ட அனுபவம் உண்டு. என்.சி.பி.எஸ். வளாகத்தில் ஈக்களுக்கென்றே தனி வசதி மையம் இருக்கிறது.

ஜனவரியில் சேர வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்டிலேயே எழுதுங்கள். நவம்பரில் எழுதுபவர்களுக்கு ‘இடம் இல்லை’ என்ற பதில் வருவது இயல்பு. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை என்றொன்று உண்டு. இரண்டு மாதம், உதவித்தொகையோடு. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு வரும் முன் இந்த இரண்டு மாதத்தில் ஒரு ஆய்வகத்தைப் பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மின்னஞ்சல் பதினைந்து வரிக்கு மேல் போகக்கூடாது. யார், எந்தக் கல்லூரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வரமுடியும், அந்த ஆய்வகத்தின் எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எந்தப் படம் உங்களுக்குக் கேள்வியை எழுப்பியது, உங்கள் கை என்ன வேலை அறியும். ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மா’ என்று போட்டு நாற்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியில் ஒரு தரவுக் கோப்பைத் திறந்து வரைபடம் போடத் தெரியும் என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். தூக்க ஆய்வகத்தில் அதற்குத் தனி மதிப்பு. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம்.

3. கையோடு கொண்டுவர வேண்டிய ஆவணங்கள்

ஊரிலிருந்து கிளம்பும் முன்னே இவை கையில் இருக்கட்டும்:

- கல்லூரி முதல்வர் அல்லது துறைத்தலைவர் கையொப்பமிட்ட தடையில்லாச் சான்று. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, வழிகாட்டியின் பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.
- கல்லூரி மாணவர் என்பதற்கான போனஃபைடு சான்று.
- எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் நகல்கள்.
- ஆதார், கல்லூரி அடையாள அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஒரு பத்து.
- வங்கிப் பாஸ்புக் முதல் பக்க நகல், உதவித்தொகை வருவதாக இருந்தால்.
- மருத்துவக் காப்பீடு இருந்தால் அதன் நகல். சில வளாகங்களில் கேட்பார்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது தடையில்லாச் சான்றில்தான். கல்லூரி ‘ஜனவரி முதல் ஏப்ரல் வரை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதித் தரும். நிறுவனமோ நாள் குறிப்பிட்டுக் கேட்கும். தேதி முடிந்த மறுநாளே நுழைவு அட்டை வேலை செய்யாது. ஈக்கள் மானிட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் வாசலில் நிற்பீர்கள். ஆகவே கேட்கும்போதே நான்கு வாரம் கூடுதலாகப் போட்டு வாங்குங்கள்.

மரபணு மாற்றிய ஈக்களோடு வேலை செய்வதாக இருந்தால் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் ஆய்வகத்துக்கு இருக்கும். அதன் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் வெளித்தேர்வாளர் அதைக் கேட்கலாம்.

4. தங்குமிடமும் செலவும்

முதுகலை புராஜெக்ட் மாணவருக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடையாது. சில இடங்களில் ஆய்வகக் கட்டணம் என்று நிறுவனமே வாங்கவும் செய்யும். சேரும் முன்பே இரண்டையும் கேட்டுவிடுங்கள், இதில் கூச்சத்துக்கு இடமில்லை. மாதம் 37,000 ரூபாய் என்று கேள்விப்படுவது நெட் அல்லது கேட் தேறிய இளநிலை ஆய்வாளர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து வந்த தொகை. அது உங்களுக்குப் பொருந்தாது.

வளாக விடுதியை நம்பி வராதீர்கள். பி.ஜி. (பணம் கட்டித் தங்கும் தனியார் விடுதி) பார்ப்பதென்றால் என்.சி.பி.எஸ்., ஜே.என்.சி.ஏ.எஸ்.ஆர். இரண்டுக்கும் சஹகார் நகர், கொடிகேஹள்ளி, எலகங்கா. அறிவியல் கழகத்துக்கு மத்திகெரே, யஸ்வந்த்பூர், மல்லேஸ்வரம். நிம்ஹான்ஸுக்கு வில்சன் கார்டன் பக்கம். தமிழ்க் கடை, தமிழ் ஆட்கள் என்று அல்சூரில் தங்க ஆசை வரும். ஆனால் ஈ வேலையில் காலை எட்டு மணிக்கும் சாயங்காலமும் ஆய்வகத்தில் இருக்க வேண்டிய நாட்கள் நிறைய. பல்லாரி சாலை நெரிசலில் அது தினமும் இழுத்துவிடும். ஓசூர் வழியாக வரும் பேருந்துகள் சில்க் போர்டு பக்கம் இறக்கிவிடும். ஜி.கே.வி.கே. நகரத்தின் நேர் எதிர் முனை, வடக்கே. முதல் நாள் சேர்க்கைக்கு அன்று காலையே வந்திறங்கலாம் என்று திட்டமிடாதீர்கள்.

தனி வீடு எடுத்தால் ஆறு முதல் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இங்கே வழக்கம். ஆறு மாதத்துக்கு அது வேண்டாம். பி.ஜி.யில் ஒரு மாத அட்வான்ஸோடு முடியும் இடமாகப் பார்த்து, வெளியேறும்போது எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுதி வாங்குங்கள்.

5. ஈக்களைப் பெறுவதும் வளர்ப்பதும்

வேண்டிய ஈ வகை ஆய்வகத்திலோ நகரத்தின் வேறு ஆய்வகத்திலோ இருக்கிறதா என்று முதல் வாரமே கேளுங்கள். ஈ வகைகளைப் பேணி அனுப்பும் அமெரிக்காவின் புளூமிங்டன் சேமிப்பகத்திலிருந்து வரவழைப்பதென்றால் இறக்குமதி அனுமதி, சுங்கம் என்று மாதங்கள் ஓடிவிடும். உங்கள் புராஜெக்ட் அதை நம்பி நிற்கக்கூடாது.

வெளியிலிருந்து வரும் எந்த ஈயையும் நேராக மற்ற குப்பிகளோடு வைக்காதீர்கள். தனித் தட்டில், தனித் தூரிகையோடு, குறைந்தது இரண்டு தலைமுறை. அதற்குள் உண்ணிப்பூச்சி இருந்தால் தெரிந்துவிடும். குப்பியின் சுவரில் நகரும் வெள்ளைப் புள்ளிகளை நுண்ணோக்கியில் பார்த்த உடனே ஆய்வகத்தில் சொல்லுங்கள். மறைத்தால் எல்லாருடைய ஈச் சேமிப்பும் போகும்.

உணவு பெரும்பாலும் பொதுச் சமையலறையிலிருந்து வரும். ஒரு லிட்டருக்கு வழக்கமான ஒரு அளவு: மக்காச்சோள மாவு 80 கிராம், சர்க்கரை 40, குளுக்கோஸ் 20, ஈஸ்ட் 15, அகார் 8. பூஞ்சைத் தடுப்புக்குப் புரோபியோனிக் அமிலம் 4 மில்லியும் எத்தனாலில் கரைத்த மெத்தில் பாரபெனும். கொதிக்கும்போதே அமிலத்தை ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும், நெடியும் கண்ணைக் கரிக்கும். 60 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு ஊற்ற வேண்டும். சமையலறை அண்ணனிடம் எந்தக் கிழமை உணவு ஊற்றுவார்கள், எத்தனை நாள் முன்பு எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பண்டிகை வாரத்தில் உணவு தீர்ந்து நிற்பது இங்கே அடிக்கடி நடக்கும்.

‘பெங்களூரு குளுகுளு ஊர்தானே’ என்று குப்பிகளை மேசையில் விட வேண்டாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அறை குளிர்ந்துவிடும், வளர்ச்சி பல நாள் தள்ளிப்போகும், கணக்கிட்ட தேதியில் ஈ பொரிக்காது. வெப்பநிலையைச் சீராக வைக்கும் பெட்டியான இன்குபேட்டரில் வையுங்கள்: 25 டிகிரி, 60–70 சதவீத ஈரப்பதம், 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. வளர்ப்பும் இதே ஒளிச் சுழற்சியில் நடக்கட்டும்.

இங்கே பெரிய பொறி மரபுப் பின்னணி. உங்கள் மரபணு மாற்ற ஈயும் ஒப்பீட்டு ஈயும் வேறு வேறு சேமிப்பிலிருந்து வந்தவை என்றால், தூக்கத்தில் தெரியும் வித்தியாசம் அந்த மரபணுவால் வந்ததா, வம்சம் வேறு என்பதால் வந்ததா என்று சொல்லவே முடியாது. ஐந்தாறு தலைமுறை ஒரே பின்னணிக்குத் திரும்பத் திரும்பக் கலந்தால்தான் சமமாகும். தலைமுறைக்குப் பன்னிரண்டு நாள் என்றாலும் ஆறுக்கு எழுபது நாளுக்கு மேல் போய்விடும். எனவே ஏற்கெனவே பின்னணி சமமாக்கிய ஈக்களைக் கொண்ட கேள்வியையே எடுங்கள். இரண்டு வகை ஈக்களைக் கலந்து, குறிப்பிட்ட செல்களில் மட்டும் ஒரு மரபணுவை இயக்கும் கேல்-4, யூ.ஏ.எஸ். முறையில் வேலை என்றால் ஒப்பீடு ஒன்று போதாது. கேல்-4 மட்டும் உள்ள ஈ, யூ.ஏ.எஸ். மட்டும் உள்ள ஈ, இரண்டும் வேண்டும். இரண்டிலிருந்தும் ஒரே திசையில் விலகினால்தான் அது முடிவு.

ஆணா, பெண்ணா? முதல் சோதனைக்கு ஆண் அல்லது கலவி செய்யாத பெண். ஆண் ஈக்கு வயிற்றின் நுனி கறுத்து உருண்டிருக்கும், முன்காலில் சிறு கறுப்புச் சீப்பு தெரியும். பொரித்து எட்டு மணி நேரத்துக்குள் 25 டிகிரியில் பிரித்தெடுத்தால் பெண் கன்னியாக இருக்கும். உடல் வெளிறி, வயிற்றுக்குள் ஒரு கரும்பச்சைப் புள்ளி தெரிந்தால் அது அப்போதுதான் பொரித்தது. கலவி செய்த பெண்ணின் பகல் தூக்கம் குறைந்துவிடும். அதோடு குழாய்க்குள் முட்டையிடும், நாலைந்து நாளில் புழுக்கள் உணவைக் குடைந்து கதிரையும் குறுக்கிட்டு எண்ணிக்கையைக் கெடுக்கும்.

6. குழாய் தயாரிப்பு

5 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளக் கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் உணவு, மறு முனையில் பஞ்சு, நடுவில் ஒரே ஈ. பார்க்க எளிது. ஆனால் புதியவர்களின் முதல் சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

உணவு: 5 சதவீதச் சர்க்கரை, 2 சதவீத அகார், வேறொன்றும் வேண்டாம். நன்றாகக் கொதித்து அகார் முழுசாகக் கரைந்த பிறகு ஒரு சின்ன பீக்கரில் ஊற்றுங்கள். முப்பது நாற்பது குழாய்களை ரப்பர் பேண்டால் கட்டி நிமிர்த்தி அதில் இறக்கினால், திரவம் ஒவ்வொன்றிலும் ஏறும். உயரம் ஒரு செ.மீ. போதும். அதைவிடக் கூடினால் ஈக்கு நடக்க இடம் சுருங்கும், நடுக்கதிர் உணவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இறுகிய பிறகு கட்டை மெல்லத் திருகி எடுத்து, ஒவ்வொரு குழாயின் வெளிப்புறத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். சர்க்கரைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் குழாய் மானிட்டரில் சிக்கும், எறும்பும் வரும்.

அடுத்து மெழுகு. உருக்கிய பாரஃபினில் உணவு முனையை ஒருமுறை தொட்டு எடுத்து, ஆறவிட்டு, மறுமுறை. மெழுகு மிகவும் சூடாக இருந்தால் அகார் இளகி நழுவும். ஓரத்தில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் மூன்றாம் நாளே உணவு சுருங்கிக் காயும்.

பிறகு செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். சூடான அகாரிலிருந்து எழும் நீராவி குழாயின் உட்சுவரில் முத்துமுத்தாகப் படியும். ஈயின் சிறகு அந்தத் துளியில் பட்டால் ஒட்டிக்கொண்டு அங்கேயே சாகும். மெல்லிய துணியால் மூடி ஓர் இரவு அறையில் விட்டு, துளி இல்லாத குழாயை மட்டும் எடுங்கள். ஆகவே குழாய் தயாரிப்பதும் ஈ ஏற்றுவதும் ஒரே நாளில் நடக்கக்கூடாது. பத்துக் குழாய் கூடுதலாகவே போட்டுவையுங்கள்.

ஈயின் வயது மூன்று முதல் ஐந்து நாள். கார்பன் டை ஆக்சைடில் மயக்கி, தூரிகையால் குழாய்க்குள் தள்ளி, பஞ்சு வைத்து, குழாயைக் கிடையாகப் படுக்க வையுங்கள். மயக்கம் தெளிவதற்குள் நிமிர்த்தினால் ஈ உணவில் விழுந்து ஒட்டும். பஞ்சை அழுத்தி அடைத்தால் காற்று போகாது, தளர்வாக வைத்தால் ஈ அதற்குள் நுழைந்து கதிரைத் தொடாமலே உட்கார்ந்திருக்கும்.

7. மானிட்டரும் இன்குபேட்டரும்

பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது டிரைகைனெடிக்ஸ் நிறுவனத்தின் டாம் மானிட்டர். குழாயின் நடுவே ஓர் அகச்சிவப்புக் கதிர். ஈ அதைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணிக்கை, நிமிடத்துக்கு ஒரு வரி. ஐந்து நிமிடம் தொடர்ந்து கதிர் கடக்கவில்லை என்றால் அதைத் தூக்கம் என்று கணக்கிடுகிறோம். அவ்வளவு நேரம் அசையாத ஈ லேசான தூண்டலுக்கு எளிதில் எழுவதில்லை என்று பார்த்துத்தான் இந்த அளவு வைத்தார்கள்.

இந்த முறையின் எல்லையைத் தெரிந்தே வேலை செய்யுங்கள். உணவின் மேல் நின்று கால்களால் சிறகைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஈயும் கதிரைக் கடக்காது. மானிட்டரின் கண்ணில் அதுவும் தூக்கமே. தூக்கம் மாறியதாக ஒரு முடிவு வந்தால் சில ஈக்களையாவது காணொளியில் பதிந்து சரிபார்க்க வேண்டும்.

ஒரே வகை ஈக்களை எல்லாம் ஒரே மானிட்டரில் போடாதீர்கள். இன்குபேட்டரின் மேல் தட்டும் கீழ்த் தட்டும் வெளிச்சத்தில் ஒன்றல்ல. ஒவ்வொரு மானிட்டரிலும் எல்லா வகையும் கலந்திருக்கட்டும், எந்த எண்ணில் எது என்பதைத் தாளிலும் கணினியிலும் எழுதுங்கள்.

இருட்டு நேரத்தில் கதவைத் திறந்தால் உள்ளே பாயும் வெளிச்சம் ஈயை எழுப்புவதோடு அதன் உடல் கடிகாரத்தையும் நகர்த்திவிடும். அவசரமென்றால் அறை விளக்கை அணைத்து, மங்கலான சிவப்பு விளக்கோடு மட்டும். பொது இன்குபேட்டர் என்றால் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணிக்கு மேல் திறக்கக்கூடாது.

ஏப்ரல், மே மாத மாலை மழைக்கு மின்சாரம் போவது இந்த ஊரில் சகஜம். மானிட்டரும் கணினியும் இன்குபேட்டர் விளக்கும் யூ.பி.எஸ்.ஸில் இருக்கின்றனவா என்று ஈ ஏற்றும் முன்னே பாருங்கள். கணினிக்கு இன்னொரு எதிரி அதன் தானியங்கி அமைப்புகள். திரை அணைந்து கணினி ஓய்வுக்குப் போவதையும், இரவில் தானாகப் புதுப்பித்து மறுதொடக்கம் ஆவதையும் நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் பதிவு நின்றது திங்கட்கிழமை காலைதான் தெரியவரும்.

ஏற்றிய அரை மணியில் திரையைப் பார்த்து 32 தடத்திலும் எண் ஏறுகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஏறாத தடத்தில் குழாயை ஒரு மி.மீ. நகர்த்தினாலே பல நேரம் சரியாகும்.

8. கணக்கு

கோப்பில் 42 நெடுவரிசை இருக்கும். முதல் பத்தில் வரிசை எண், தேதி, நேரம், நிலைக் குறியீடு, வெளிச்ச நிலை முதலியவை, மிச்சம் 32 ஈக்கள். நாளுக்கு 1,440 வரி. நிலைக் குறியீடு 1 என்றால் சரியான தரவு, 51 என்றால் மானிட்டரிலிருந்து தரவு வரவில்லை. 51 உள்ள வரிகளைக் கவனிக்காமல் விட்டால் அந்த நிமிடங்களின் சுழியமெல்லாம் தூக்கமாகச் சேர்ந்துவிடும்.

முதல் நாளை விட்டுவிடுங்கள். மயக்கமும் புது இடமும் தெளிய அந்த நேரம் வேண்டும். அடுத்து வரும் மூன்று முழு நாட்களை எடுங்கள்.

செத்த ஈயைக் கண்டுபிடிப்பது கட்டாயம். கடைசி 24 மணி நேரத்தில் ஒருமுறைகூடக் கதிரைக் கடக்காத ஈயை நீக்குங்கள், சோதனை முடிந்ததும் ஒவ்வொரு குழாயையும் கண்ணால் பார்த்து உயிருண்டா என்று குறியுங்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு? 16 ஈ, சராசரித் தூக்கம் நாளுக்கு 900 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று செத்திருந்தால் அதன் ‘தூக்கம்’ 1,440. சராசரி 934க்குப் போய்விடும். இரண்டு செத்தால் 968. பலவீனமான ஒரு மரபணு மாற்றம் இப்படித்தான் ‘நீண்ட தூக்கம்’ தரும் மரபணுவாக ஆகிவிடுகிறது.

மொத்தத் தூக்கத்தோடு நிற்காமல் இன்னும் மூன்றைப் பாருங்கள். எத்தனை முறை தூங்கியது, ஒவ்வொரு முறையும் சராசரியாக எவ்வளவு நேரம், விழித்திருந்த நிமிடத்துக்கு எத்தனை கதிர்க் கடப்பு. கடைசியானதுதான் காப்பாற்றும். தூக்கம் குறைந்த ஈ விழித்திருக்கும் நேரத்தில் வழக்கம்போல நடந்தால் அது தூக்க மாற்றம். தறிகெட்டு ஓடினால் மிகையசைவாக இருக்கலாம். தூக்கம் கூடிய ஈ விழித்திருக்கும்போதும் தள்ளாடினால் அது நோயாக இருக்கலாம். பகலையும் இரவையும் தனித்தனியாக எழுதுங்கள். இரவுத் தூக்கம் குறைந்து பகல் தூக்கம் கூடிய ஈயில் மொத்தம் அப்படியே இருக்கும், முக்கியமான முடிவு கண்ணில் படாமலே போகும்.

ஆர் மொழியில் ரீதோமிக்ஸ் என்ற இலவசத் தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது. முதல் தடவை மட்டும் ஒரே ஒரு ஈயின் ஒரு நாளை எக்செலில் கையாலேயே கணக்கிட்டு மென்பொருளின் எண்ணோடு ஒப்பிடுங்கள். தூக்க நீளங்கள் மணி வடிவில் பரவுவதில்லை. மேன்–விட்னி, கிரஸ்கல்–வாலிஸ் போன்ற புள்ளியியல் சோதனைகள் பாதுகாப்பு. ஒரு வகைக்கு ஒரு தடவையில் 16 ஈக்குக் குறையாமல், வேறு வேறு கலப்பிலிருந்து எடுத்து மூன்று தடவை.

9. தூக்கத்தைக் கெடுத்துப் பார்ப்பது

‘அசையவில்லை’ என்பதைத் ‘தூங்குகிறது’ என்று மாற்றித் தரும் சோதனை இதுதான். புராஜெக்ட்டில் இதற்கு இடம் ஒதுக்காமல் விடாதீர்கள். விளக்கு அணையும் நேரத்திலிருந்து எரியும் நேரம் வரை, நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே இடைவெளியில் இல்லாமல் முன்பின்னாக, இரண்டு மூன்று விநாடி குலுக்க வேண்டும். சீராகக் குலுக்கினால் ஈ பழகிவிடும். மறுநாள் காலை முதல் ஆறு மணி நேரத் தூக்கத்தை, அதே ஈயின் முந்தைய நாள் காலையோடு ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் அது ஈடுகட்டும் தூக்கம்.

அடிபட்ட ஈயும் அசையாமல் கிடக்கும். அதனால் வேறு ஒரு குழுவைப் பகலில் அதே அளவு குலுக்கி, அதன்பின் தூக்கம் அதே போலக் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் குலுக்கிய ஈக்கள் உண்மையிலேயே விழித்திருந்தனவா என்று அதே தரவிலிருந்து காட்டுங்கள்.

10. நாள்காட்டி

கலப்பு போட்ட நாளிலிருந்து கணக்கிடுங்கள். பொரிக்கப் பத்து நாள், சேகரிக்க மூன்று, வயது வர மூன்று முதல் ஐந்து, மானிட்டரில் நாலு, கணக்குக்கு இரண்டு. ஒரு சோதனைக்கு மூன்று வாரத்துக்கு மேல். ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று போனால் மூன்று மாதத்தில் நாலுதான் முடியும். வாரம் ஒரு கலப்பு போட்டுக்கொண்டே இருந்தால் ஆறாம் வாரத்திலிருந்து வாரா வாரம் மானிட்டர் நிறையும். ஒரு வாரம் கெட்டாலும் அடுத்த வாரம் இருக்கும்.

புதுச் சோதனைகளை நாலாம் மாதக் கடைசியில் நிறுத்துங்கள். ஐந்தாம் மாதம் விட்டதைத் திரும்பச் செய்யவும் எழுதவும். ஆய்வேட்டின் வரைவை வழிகாட்டி படித்துத் திருப்ப இரண்டு வாரமாவது ஆகும். கல்லூரி கேட்கும் சான்றிதழ்ப் பக்கத்தில் நிறுவனத்தின் முத்திரை தேவைப்பட்டால் அதற்குத் தனியாக ஒரு வாரம்.

கிளம்பும் முன் மூல மானிட்டர் கோப்புகளைத் திருத்தாமல் அப்படியே ஆய்வகக் கணினியில் வையுங்கள், எந்தத் தடத்தில் எந்த ஈ என்ற பட்டியலோடு. உங்கள் குப்பிகளில் மரபணு வகையும் தேதியும் எழுதி, யாரிடம் ஒப்படைக்கிறீர்களோ அவரை நேரில் கூப்பிட்டுக் காட்டிக் கொடுங்கள். அந்தத் தரவை வேறெங்கும் பயன்படுத்த, கருத்தரங்கில் சுவரொட்டியாக வைக்கக்கூட, வழிகாட்டியின் அனுமதி வேண்டும். நிலுவையில்லாச் சான்றுக்கு நூலகம், கிடங்கு, கணினிப் பிரிவு, பாதுகாப்பு அலுவலகம் என்று வரிசையாகக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். கடைசி வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளாமல் புதன்கிழமையே தொடங்குங்கள். பி.ஜி.யில் ஒரு மாதம் முன்பே வாட்ஸ்ஆப்பில் எழுத்தாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது.